"இதையெல்லாம் எழுத ஏலாது" என்று பொலிஸ் திருப்பி அனுப்பலாமா?

செப்டெம்பர் 3, 2025, காலை

கேள்வி வந்தபடியே: "பக்கத்து வளவுக்காரர் இரவோடு இரவாக எங்கள் வேலியை இரண்டு அடி தள்ளிப் போட்டுவிட்டார். பொலிசுக்குப் போனால் காணிப் பிரச்சினை எங்கட வேலை இல்லை, கோட்டுக்குப் போங்கோ என்கிறார்கள். முறைப்பாட்டைக்கூட எழுதவில்லை. இலங்கைப் பொலிசின் வேலை என்ன என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா, இல்லையா?"

வைத்திருக்கிறார்கள். 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம், 56ஆம் பிரிவு. வெள்ளைக்காரன் எழுதியது, திருத்தங்களோடு இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. குற்றத்தையும் பொதுத் தொல்லையையும் தங்களால் இயன்றமட்டும் தடுக்க வேண்டும், அமைதியைக் காக்க வேண்டும், ஒழுங்கீனமாகவோ சந்தேகப்படும்படியாகவோ திரிபவர்களைப் பிடிக்க வேண்டும், குற்றம் செய்தவர்களைக் கண்டுபிடித்து நீதியின் முன் நிறுத்த வேண்டும், பொது அமைதியைப் பாதிக்கும் தகவல்களைச் சேகரித்து உரிய இடத்துக்குச் சொல்ல வேண்டும், சட்டப்படி பிறப்பிக்கப்பட்ட கட்டளைகளையும் பிடியாணைகளையும் உடனே நிறைவேற்ற வேண்டும். இவ்வளவும் ஒரே பிரிவில்.

இன்று பொலிஸ் தினம் வேறு. 1866 செப்டெம்பர் 3 முதல் எண்ணினால் 159 வருடம். பொலிஸ் நிலையங்களில் கொடி, பூசை, பிரித் எல்லாம் நடக்கும் நாளில் உங்களுக்கு வேலிப் பிரச்சினை. காணியின் உரிமை யாருக்கு என்பதைப் பொலிஸ் தீர்மானிக்க முடியாதுதான், அது மாவட்ட நீதிமன்ற வேலை. அந்த அளவில் அவர்கள் சொன்னது சரி.

செப்டெம்பர் 3, இரவு

காலையில் "சரி" என்று எழுதியதைப் பாதி திரும்பப் பெறுகிறேன். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் "66 வழக்கு" ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் வேலிச் சண்டை இல்லாத ஒழுங்கை கிடையாது, ஆனால் கேள்வி எழுத்தில் வந்தவுடன் எனக்கு மூளை நின்றுவிட்டது.

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம், 66ஆம் பிரிவு. காணிப் பிணக்கால் அமைதி குலையும், கைகலப்பு வரும் என்ற நிலை இருந்தால் விசாரிக்கிற பொலிஸ் அதிகாரி தாமதமில்லாமல் நீதிமன்றத்துக்கு அறிவித்து இரு பகுதியையும் அங்கே முன்னிலையாகச் செய்ய வேண்டும். விருப்பம் இருந்தால் செய்யலாம் என்று அங்கே எழுதவில்லை. பொலிஸ் செய்யாவிட்டால் நீங்களே சத்தியக் கடதாசியோடு போகலாம். நடைமுறையில் இது நீதவான் நீதிமன்றத்தில்தான் நடக்கும், எந்த அப்புக்காத்துவிடமும் "66" என்று சொன்னால் போதும்.

முக்கியம்: வழக்குப் போட்ட திகதிக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்களைக் காணியில் இருந்து வெளியேற்றியிருந்தால்தான் இந்த வழியில் அதைத் திருப்பி எடுக்கலாம். "தேர் முடியட்டும், தீபாவளி முடியட்டும்" என்று இருக்காதீர்கள். வேலி தள்ளியது எந்தத் திகதி என்று காட்ட என்ன வைத்திருக்கிறீர்கள்? பொலிஸ் அன்றைக்கே எழுதியிருந்தால் அதுவே சாட்சி. எழுதாமல் விட்டதால் வந்த நட்டம் இங்கேதான்.

செப்டெம்பர் 4

"நீங்கள் பொலிசுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா, எதிர்க்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தெரியவில்லை. என்னுடைய கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

பத்துப் பதினொரு வருடத்துக்கு முன்னர் கோயில் தேரன்று என் மோட்டார் சைக்கிள் களவு போனது. வெள்ளெனக் காலை ஏழு மணிக்கு வேப்பமரத்தடியில் விட்டேன், பதினொன்றுக்கு வந்தால் வெறும் நிலம். நிலையத்துக்குப் போனேன், எந்த நிலையம் என்பது வேண்டாம். கவுண்டரில் இருந்த பெடியன் தெற்கில் இருந்து மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட இல்லை. தமிழ் கொஞ்சம் பேசுவான், எழுத வராது. நான் சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதினான். கடைசியில் புத்தகத்தை என் பக்கம் திருப்பி "ஐயா, சைன்" என்றான். போட்டேன். ஒரு வரி வாசிக்கத் தெரியாமல், வாசித்துக் காட்டு என்று கேட்காமல், நல்ல பேனையால் வடிவாகக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்துக் காப்புறுதிக்காரர்களிடம் இழப்பீடு கேட்டுப் போனபோதுதான் வெடித்தது. நான் கொடுத்த விண்ணப்பத்தில் காலை ஏழு மணி. முறைப்பாட்டின் பிரதியில் "ஹவஸ 7". சிங்களத்தில் காலைக்கு "உதே", ஹவஸ என்றால் பின்னேரம். தேர் இருப்புக்கு வந்தபிறகு, சனமெல்லாம் வீட்டுக்குப் போனபிறகு என் மோட்டார் சைக்கிள் தனியாகக் கோயிலடியில் என்ன செய்தது என்று அவர்கள் கேட்டார்கள். கேட்பார்கள்தானே. மேலதிக வாக்குமூலம், கடிதம், அலைச்சல். அது ஒரு எட்டு மாதக் கதை.

வருடக்கணக்கில் அந்தப் பெடியனைத் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு அவன்தான் எனக்குக் கதிரை தந்தான், தேத்தண்ணி தந்தான், தெரியாத பாசையில் என்னை விளங்கிக்கொள்ள முக்கால் மணித்தியாலம் மினக்கெட்டான். சிங்களம் தண்ணிபட்ட பாடாகத் தெரிந்த என் மச்சான் வெளியே நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை.

செப்டெம்பர் 4, கொஞ்சம் பிந்தி

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109ஆம் பிரிவு. வாயால் சொல்லப்படும் முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும், எழுதியதை முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், பிறகுதான் கையெழுத்து. அதிகாரிக்கு அந்த மொழியில் எழுத வராவிட்டால் முறைப்பாட்டாளரையே தன் மொழியில் எழுதித் தரும்படி அவர் கேட்க வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் மட்டும் தேசிய மொழிகளில் ஒன்றில் அதிகாரி எழுதி, தேவையானால் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டலாம்.

அதாவது அந்தப் பெடியன் என்னிடம் ஒரு தாளை நீட்டி "நீங்களே தமிழில எழுதுங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வசனம். அவனுக்கும் கை நோகாது, எனக்கும் எட்டு மாதம் மிச்சம். அவனுக்கு இதை யாரும் படிப்பித்தார்களோ தெரியாது. எனக்கும்தான் யாரும் சொல்லவில்லை, உயர்தரம் வரை படித்த ஆள் நான்.

செப்டெம்பர் 5

தமிழ்நாட்டு நண்பர் கேட்கிறார்: "அது ஏன் பொலிஸ்? போலீஸ் இல்லையா? காவல்துறை என்று அழகான சொல் இருக்கிறதே?"

தம்பி, எங்களுக்குப் பொலிஸ்தான். குறில். திணைக்களமும் பொலிஸ் திணைக்களம், தலைவர் பொலிஸ் மா அதிபர், அவருக்குக் கீழே பிரதிப் பொலிஸ் மா அதிபர், அத்தியட்சகர், பரிசோதகர் என்று இறங்கி வந்தால் கடைசியில் கான்ஸ்டபிள், அவர் மட்டும் கான்ஸ்டபிளாகவே நிற்கிறார், மொழிபெயர்த்தவருக்கு அதற்குள் களைத்துவிட்டது போல. நிலையத்தை நடத்துபவர் நிலையப் பொறுப்பதிகாரி, ஊர் வாயில் "ஓஐசி". முறைப்பாடு செய்வதை "என்ட்ரி போடுவது" என்போம்.

இன்னொரு வித்தியாசம்: உங்களுக்குப் பொலிஸ் மாநிலப் பட்டியலில் இருக்கும் விடயம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிப் படை. எங்களுக்கு நாடு முழுக்க ஒன்றுதான். பருத்தித்துறையில் சந்தியில் நிற்பவரை அடுத்த மாதம் தெய்வேந்திரமுனைக்கு மாற்றலாம். மாற்றுகிறார்கள். ஹவஸ 7 வந்த வழி அதுதான்.

செப்டெம்பர் 7

நேற்று இன்னொரு இடத்தில் "கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோயே ஆக வேண்டும்" என்று வீறாப்பாக எழுதிவிட்டேன். பொதுவான சட்டம் அதுதான், பயண நேரம் தவிர்த்து 24 மணி. என்ன காரணத்துக்குக் கைது என்பதையும் சொல்ல வேண்டும். நிலையத்தில் உங்களுக்காகச் சட்டத்தரணி முன்னிலையாக 2012இல் விதிகளே வந்திருக்கின்றன.

ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை விட்டுவிட்டேன். அதில் 72 மணி நேரம், அமைச்சர் தடுப்புக் காவல் உத்தரவில் ஒப்பமிட்டால் மூன்று மூன்று மாதமாக நீளும். முன்பு 18 மாதம் வரை, 2022 திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம் வரை. 1979இல் "தற்காலிக ஏற்பாடுகள்" என்று தலைப்பிட்டுக் கொண்டுவந்த சட்டம் இது. அந்த வருடம் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது தலை நரைக்கிறது. எங்கள் பக்கத்தில் இதை மறந்துபோய் ஒருவன் எழுதினால் அடி விழும், விழுந்தது, சரி.

செப்டெம்பர் 8

"56ஆம் பிரிவில் உளவுத் தகவலைச் சேகரித்துச் சொல்வது என்று இருக்கிறதே, அது நாலு பேர் கதைப்பதை ஒட்டுக் கேட்கிற வேலைதானே?" என்ற கேள்விக்கு.

சிரிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அந்த ஒரு வரியைச் செய்யாமல் விட்டதன் விலை 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல். 260க்கும் மேற்பட்ட உயிர்கள். தாக்குதல் பற்றிய வெளிநாட்டு எச்சரிக்கை அரச புலனாய்வுச் சேவைக்கு ஏப்ரல் 4ஆம் திகதியே வந்துவிட்டது. சேகரிக்க ஆள் இருந்தது, தகவல் கையில் இருந்தது, தேவாலயத்தில் பூசைக்கு நின்ற சனத்துக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், கடமை தவறியதால் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபாயும், அப்போதைய பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவையும் அரச புலனாய்வுச் சேவையின் அப்போதைய தலைவர் நிலந்த ஜயவர்தனவையும் தலா 75 மில்லியனும் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் உயிர் போனவர்களில் பலர் பிள்ளைகள். இந்த விசயத்தில் எனக்குப் பகிடி வரவில்லை.

செப்டெம்பர் 8, இரவு

ஒருவர்: "பெரிய தலைகளை ஒருவரும் தொட முடியாது."

இதை போன வருடம் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். போன மாதம் 5ஆம் திகதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் தேசபந்து தென்னகோனைப் பொலிஸ் மா அதிபர் பதவியில் இருந்து நீக்கியது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதற்கென்றே இருந்தது, 23 வருடம் தூசி படிந்து கிடந்தது. ஒரு முறை நடந்ததை வைத்து ஆட வேண்டாம், ஆனாலும் "முடியாது" என்ற சொல் இனிச் சரிவராது.

செப்டெம்பர் 10

இழை எங்கேயோ போகிறது, நானும் கூடவே போகிறேன். அம்மாவோடு இதைப் பற்றிக் கதைத்தபோது "அந்தக் காலத்தில விதானையார்தான் பொலிஸ்" என்றார். கதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் உண்மையே அதுதான்: வெள்ளைக்காரர் காலத்தில் ஊர்த் தலைமைக்காரருக்குப் "பொலிஸ் விதானை" என்றே பெயர். களவு, சண்டை, அந்நிய ஆள் நடமாட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. 1963இல் அந்த முறையை ஒழித்துக் கிராம சேவகரைக் கொண்டுவந்தார்கள், பிறகு கிராம அலுவலர். பெயர் இரண்டு தரம் மாறியும் எங்கள் சனம் இன்றைக்கும் "விதானையிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா" என்றுதான் சொல்கிறது. அம்மாவின் கணக்கில் பொலிஸ் என்றால் ஊரில் யாருடைய மாடு யாருடைய தோட்டத்தில் மேயும் என்று தெரிந்தவர். அவருக்கு "உதே"யும் "ஹவஸ"வும் குழம்பியிருக்காது. வேறு சங்கடம் இருந்தது, விதானையார் யாருடைய சொந்தக்காரர் என்பதைப் பொறுத்து வேலி நகரும். அதுவும் அம்மா சொன்னதுதான்.

செப்டெம்பர் 11

எதிர்பார்த்த கருத்து வந்துவிட்டது: "13ஆம் திருத்தப்படி பொலிஸ் அதிகாரத்தை மாகாணத்துக்குக் கொடுத்தால் எல்லாம் சரியாகும்."

1987இல் அரசியலமைப்பின் அந்தத் திருத்தத்தில் எழுதியதைப் பாருங்கள். மாகாணத்துக்கு ஒரு பொலிஸ் பிரிவு, அதன் தலைவர் ஒரு பிரதிப் பொலிஸ் மா அதிபர். தேசியப் பிரிவு பொலிஸ் மா அதிபரின் கீழ். அரசுக்கு எதிரான குற்றங்கள், தேர்தல், நாணயம், தேசியப் பாதுகாப்பு போன்றவை தேசியப் பிரிவுக்கு, மற்றக் குற்றமெல்லாம் மாகாணத்துக்கு. கடதாசியில் நல்ல பிரிப்பு. 38 வருடமாகக் கடதாசியிலேயே இருக்கிறது.

வந்தால் மொழிப் பிரச்சினை பெரும்பாலும் தீரும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முதலில் "நான் முழு ஆதரவு" என்று எழுதி அழித்துவிட்டேன். அம்மாவின் விதானைக் கதை மனதில் நிற்கிறது. எங்கள் ஆளே கவுண்டரில் இருந்தால் என் முறைப்பாட்டை எழுதுவான். என்னைவிடச் சாதியிலோ காசிலோ செல்வாக்கிலோ குறைந்தவன் என்மேல் முறைப்பாடு கொண்டுவந்தால் எழுதுவானா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு என்னைத் திட்டுங்கள். கொடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை, கொடுக்க வேண்டும்.

செப்டெம்பர் 12

நேற்றைய குறிப்புக்குத் திட்டு விழுந்தது, எண்ணிவிட்டேன், ஏழு. பதில் ஒன்றுதான், ஒரு அக்காவிடம் இருந்து. தன் பெயர் போட வேண்டாம் என்கிறார். புருசன் அடித்து முறைப்பாடு கொடுக்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் சுத்தத் தமிழர். "குடும்பம் எண்டா அப்பிடி இப்பிடித்தான் பிள்ளை, போய்ச் சமாதானமாகுங்கோ" என்று பாசமாகத் தமிழில் சொல்லித் திருப்பி அனுப்பினாராம். எழுதவே இல்லை.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் அதிகாரியே நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்டு விண்ணப்பிக்கலாம். சமாதானம் பேசுவது பொலிசின் வேலை என்று 56ஆம் பிரிவில் எங்கும் இல்லை. சின்னப் பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, அடி வாங்கிய பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது மத்தியஸ்தம் ஆகாது. அக்கா, பொலிசின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்துக்குப் போங்கள், இல்லையென்றால் நேரே சட்டத்தரணியோடு நீதவான் நீதிமன்றம்.

முறைப்பாட்டை ஏற்காத நிலையத்தைப் பற்றி எங்கே சொல்வது என்று பலர் கேட்டதற்கும் இதிலேயே: மேலதிகாரியான உதவிப் பொலிஸ் அத்தியட்சகர், தேசிய பொலிஸ் ஆணைக்குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதம்தான் அவகாசம், திகதியை எண்ணுங்கள்.

செப்டெம்பர் 13

சந்தியில் தண்டச் சீட்டு வாங்கியவர் என்னைக் கேட்கிறார். ஐயா, இது வேறு கதை. 14 நாளுக்குள் கட்டுங்கள், தாண்டினால் இரட்டிப்பு, 28 தாண்டினால் கோட்டுக்குப் போக வேண்டும். தலைக்கவசம் போடுங்கள்.

செப்டெம்பர் 19

வேலிக்காரரிடம் இருந்து செய்தி. சட்டத்தரணி 66இல் தாக்கல் செய்துவிட்டார், முதல் தவணை வருகிற மாதம். பொலிசும் இப்போது வந்து அளவு பார்த்துவிட்டுப் போனதாம். வேலி இன்னும் தள்ளிய இடத்திலேயே நிற்கிறது.

செப்டெம்பர் 24

அம்மாவின் அடையாள அட்டை காணாமல் போய்விட்டது, பஸ்ஸில் என்று நினைக்கிறோம். புதியது எடுக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். அதே நிலையம். அந்தப் பெடியன் எப்போதோ மாற்றலாகிப் போயிருப்பான், அதே வயதில் இன்னொருவன் இருந்தான், அதே அளவு தமிழ்.

இந்த முறை நான் தயாராகப் போனேன். 109ஆம் பிரிவு, இலக்கம், ஆண்டு எல்லாம் மனப்பாடம். மூச்சை இழுத்து, "தம்பி, நான் தமிழில நானே எழுதித் தாறன், சட்டத்தில இடம் இருக்கு" என்றேன். அவன் சட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஹரி ஹரி (சரி சரி) ஐயா, நல்லம்" என்று இரட்டைக் கோட்டுத் தாளும் பேனையும் எடுத்துத் தந்துவிட்டு விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தான். சண்டைக்கு வந்தவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வடிவாக எழுதினேன். எந்த பஸ், எத்தனை மணி, காலை என்பதை அடிக்கோடிட்டு. அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டி, அவர் கையெழுத்துப் போட்டு, நான் எழுந்து நின்று நீட்டினேன். அவன் எழுத்துக்கூட்டி மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்து ஒரு இடத்தில் நிறுத்தினான்.

"ஐயா, திகதி பிழை."

24க்குப் பதிலாக 25 போட்டிருந்தேன்.